முதல் கையெழுத்தும் ஆறாம் மாதத்து அரசாணையும்

தமிழ்நாட்டில் ஆட்சி மாறும் நாளில் எல்லாரும் எதிர்பார்ப்பது ஒரே செய்தியை: முதல் கையெழுத்து எதற்கு? 2006 மே 13 அன்று பதவியேற்ற மு. கருணாநிதி, ரேஷன் அரிசியைக் கிலோ 2 ரூபாயாக்கும் உத்தரவிலும் கூட்டுறவு வங்கிகளில் விவசாயிகள் வாங்கிய கடனைத் தள்ளுபடி செய்யும் உத்தரவிலும் கையெழுத்திட்டார். 2011 மே 16 அன்று ஜெயலலிதா 20 கிலோ அரிசியை இலவசமாக்கினார். 2016 மே 23 அன்று அவரே மீண்டும் வந்து, வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்றும் 500 மதுக்கடைகள் மூடப்படும் என்றும் உத்தரவிட்டார். 2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் போட்ட ஐந்து கையெழுத்துகளில் அரிசி அட்டைதாரர்களுக்கு 4,000 ரூபாய் கொரோனா நிவாரணம், ஆவின் பால் விலையில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைப்பு, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் ஆகியவை இருந்தன.

கையெழுத்து முடிந்ததும் நூறு நாள் கணக்கு தொடங்கிவிடும். இந்த வழக்கம் அமெரிக்காவில் பிறந்தது. 1933 மார்ச் 4 அன்று அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் முதல் நூறு நாளில் சட்டங்களாக நிறைவேற்றித் தள்ளினார். அன்று முதல் உலகெங்கும் புதிய ஆட்சியை நூறாம் நாளில் எடைபோடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் ஏழை பணக்காரர் இடைவெளியை நெடுங்காலத்துக்கு மாற்றிய ரூஸ்வெல்ட் காலத்துச் சட்டங்களில் முக்கியமானவை அந்த நூறு நாளுக்குள் வரவே இல்லை. முதியோர் ஓய்வூதியத்துக்கு வழிசெய்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935-இல் வந்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1938-இல் வந்தது.

அப்படியானால் ஒரு புதிய அரசின் முதல் சில மாதங்களைப் பார்த்து, அது பொருளாதார ஏற்றத்தாழ்வைக் குறைக்குமா கூட்டுமா என்று சொல்ல முடியுமா? ஓரளவுக்கு முடியும். ஆனால் பார்க்க வேண்டிய இடம் முதல் கையெழுத்து மட்டுமல்ல. கொடுப்பது முதல் நாளில் மேடையில் நடக்கிறது. அதற்கான பணத்தை எடுப்பது சில மாதம் கழித்து ஒரு அரசாணையாக வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முடியும். அதற்கு முன் ஏற்றத்தாழ்வு எப்படி அளக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்வோம்.

ஐந்து வீடுள்ள ஒரு தெரு

சென்னை வேளச்சேரியில் ஒரு சிறிய தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் வீட்டில் வீட்டுவேலை செய்யும் பெண், மாதம் 10,000 ரூபாய். இரண்டாவது வீட்டில் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி, 15,000. மூன்றாவது வீடு ஆட்டோ ஓட்டுநருடையது, 20,000. நான்காவது தனியார் பள்ளி ஆசிரியையுடையது, 30,000. ஐந்தாவது வீட்டில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தம்பதி, 1,25,000. தெருவின் மொத்த வருமானம் 2 லட்சம், அதில் 62.5 சதவீதம் கடைசி வீட்டுக்குப் போகிறது.

இந்தப் பங்கீட்டை ஒரே எண்ணில் சொல்வதற்கு இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ ஜினி 1912-இல் ஒரு வழி சொன்னார். அதுதான் ஜினி குறியீடு. தெருவில் ஏதாவது இரண்டு வீடுகளை எடுத்து அவற்றின் வருமான வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; இப்படி எல்லா ஜோடிகளுக்கும் பார்த்தால் சராசரி வித்தியாசம் எவ்வளவு, தெருவின் சராசரி வருமானத்தோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு பெரியது என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. எல்லாருக்கும் சமமான வருமானம் என்றால் 0. ஒருவருக்கே எல்லாம் என்றால் 1-ஐ நெருங்கும். நம் தெருவின் ஜினி 0.490.

இப்போது ஒரு புதிய அரசு வருகிறது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களின் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. இந்த வரம்பை நான் கற்பனை செய்யவில்லை. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான நிபந்தனைகளில் ஒன்று அது. முதல் மூன்று வீடுகளுக்குத் தகுதி உண்டு, ஆசிரியைக்கு இல்லை. பணம் வந்ததும் வருமானங்கள் 11,000, 16,000, 21,000, 30,000, 1,25,000 என்று மாறுகின்றன. ஜினி 0.477 ஆகக் குறைகிறது. அரசு மார்தட்டிக்கொள்ளலாம்.

அடுத்த ஏப்ரலில் கடைசி வீட்டுத் தம்பதிக்குச் சம்பளம் 10 சதவீதம் உயர்கிறது. 1,37,500. மற்றவர்களுக்கு எதுவும் மாறவில்லை. ஜினி 0.496. அரசு வருவதற்கு முன் இருந்ததைவிட அதிகம்!

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வீட்டுவேலை செய்யும் பெண்ணின் கையில் முன்பைவிட 1,000 ரூபாய் கூடுதலாக இருக்கிறது. அவரது வறுமை குறைந்திருக்கிறது. அதே தெருவில் ஏற்றத்தாழ்வோ கூடியிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ஆளுங்கட்சிப் பேச்சாளர் முதலாவதைச் சொல்வார், எதிர்க்கட்சிப் பேச்சாளர் இரண்டாவதைச் சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை, வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் பாதி இப்படித்தான் ஓடுகிறது. தமிழ்நாட்டையே எடுத்துக்கொண்டால், நிதி ஆயோக் கணக்குப்படி பல பரிமாண வறுமையில் (உடல்நலம், கல்வி, வாழ்க்கை வசதி ஆகியவற்றில் உள்ள குறைகளைச் சேர்த்து அளப்பது) இருந்தவர்களின் பங்கு 2015-16-இல் 4.76 சதவீதம், 2019-21-இல் 2.20 சதவீதம். இது பெரிய சாதனை. ஆனால் சென்னையில் பெரும் பணக்காரர்கள் வாழும் போட் கிளப் சாலைக்கும் ஏழைகளைக் குடியமர்த்திய கண்ணகி நகருக்கும் இடையே உள்ள தூரம் குறைந்ததா என்ற கேள்விக்கு இந்த எண்ணில் விடை இல்லை.

எதை அளக்கிறோம்

ஜினியைப் பற்றிச் செய்தி படிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது: எதன் ஜினி? இந்திய அரசு வெளியிடுவது பெரும்பாலும் வீடுகளின் நுகர்வுச் செலவை வைத்துக் கணக்கிடப்பட்டது. 2023-24 கணக்கெடுப்பில் நாட்டின் கிராமப்புறத்துக்கு 0.237, நகர்ப்புறத்துக்கு 0.284. பார்க்கச் சமத்துவ நாடு போலத் தெரியும். ஆனால் நம் தெருவின் கடைசி வீடு 1,25,000 சம்பாதித்தாலும் அத்தனையையும் செலவழிப்பதில்லை. பாதி சேமிப்பாகவும் வீட்டுக்கடன் தவணையாகவும் போகிறது. முதல் வீடோ சம்பாதித்ததையெல்லாம் செலவழித்து, மேலே கடனும் வாங்குகிறது. ஆகவே செலவின் ஏற்றத்தாழ்வு வருமானத்தின் ஏற்றத்தாழ்வைவிடப் பெரும்பாலும் மென்மையாகத்தான் தெரியும். போதாக்குறைக்கு, நுழைவாயிலில் காவலர் நிற்கும் அடுக்குமாடி வளாகத்துக்குள் கணக்கெடுப்பாளர் போய் ஒரு மணி நேரம் கேள்வி கேட்பது எளிய காரியம் அல்ல.

வருமானத்தையும் சொத்தையும் வைத்துப் பார்த்தால் வேறு காட்சி. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வறிக்கை, 2022-23-இல் இந்தியாவின் மேல்தட்டு 1 சதவீதத்தினர் நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதத்தையும் சொத்தில் 40.1 சதவீதத்தையும் வைத்திருந்ததாக மதிப்பிட்டது. சொத்து என்பது சென்னையில் பெரும்பாலும் நிலமும் வீடும்தான். தாத்தா வாங்கிப்போட்ட மயிலாப்பூர் வீட்டில் 30,000 ரூபாய் ஓய்வூதியத்தில் இருப்பவரும், 60,000 சம்பாதித்து அதில் மூன்றில் ஒரு பங்கை வாடகையாகக் கொடுப்பவரும் வருமானக் கணக்கில் வரிசையாக நின்றால் இரண்டாமவர் மேலே இருப்பார். சொத்துக் கணக்கில் அந்த வரிசை தலைகீழாகிவிடும்.

இன்னொரு தொல்லை, எண்கள் வந்துசேரும் வேகம். 2011-12-க்குப் பிறகு நாடு தழுவிய நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு 2017-18-இல் நடந்தது. தரத்தில் குறை இருப்பதாகச் சொல்லி மத்திய அரசு அதன் முடிவுகளை வெளியிடவில்லை. அடுத்தது 2022-23. அதாவது 2011 முதல் 2021 வரையான அ.தி.மு.க. ஆட்சியின் தொடக்கத்தில் ஓர் அளவு இருக்கிறது, அதன் முடிவில் அளவே இல்லை. நூறாம் நாளில் "ஏற்றத்தாழ்வு குறைந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால், அவரிடம் அதற்கான எண் இருக்க வாய்ப்பே இல்லை. இருப்பது உத்தரவுகள் மட்டும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

பஸ் ஏன் முதலில் வருகிறது

பெண்களுக்கு இலவசப் பயணம் 2021 மே 8-ஆம் தேதியே, அதாவது பதவியேற்ற மறுநாளே நடைமுறைக்கு வந்தது. கர்நாடகத்தில் 2023 மே 20 அன்று பதவியேற்ற சித்தராமையா அரசு ஜூன் 11 அன்று இதைத் தொடங்கியது. தெலங்கானாவில் 2023 டிசம்பர் 7 அன்று பதவியேற்ற ரேவந்த் ரெட்டி அரசு டிசம்பர் 9 அன்றே தொடங்கியது. புதிய அரசுகள் எல்லாம் ஏன் பஸ்ஸைத் தேடிப் போகின்றன? ஏனென்றால் இதற்குப் பட்டியல் தேவையில்லை. விண்ணப்பம் இல்லை, வருமானச் சான்றிதழ் இல்லை, கிராம நிர்வாக அலுவலரிடம் கையெழுத்து இல்லை. பஸ்ஸில் ஏறும் பெண்ணே பயனாளி.

அதைவிட முக்கியமாக, இந்தத் திட்டம் பயனாளியைத் தானே வடிகட்டுகிறது. சென்னையில் சாதாரணக் கட்டணப் பேருந்தில்தான் இலவசம். சொகுசுப் பேருந்திலோ குளிர்சாதனப் பேருந்திலோ இல்லை. ஐந்தாவது வீட்டுப் பெண்மணிக்கும் உரிமை உண்டு, ஆனால் அவர் சாதாரணப் பேருந்துக்காக வேளச்சேரி நிறுத்தத்தில் அரைமணி நேரம் நிற்கமாட்டார். யாரையும் விலக்காமலே பலன் கீழ்த்தட்டுக்குப் போய்ச் சேர்கிறது. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு ஒன்று, இத்திட்டத்தால் பெண்களுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாவதாகக் கண்டது. மாதம் 10,000 சம்பாதிப்பவருக்கு அது கிட்டத்தட்ட 9 சதவீதச் சம்பள உயர்வு. முதல் நாள் கையெழுத்துகளில் ஏற்றத்தாழ்வை உண்மையாகவே தொட்டது எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனாலும் இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. நகரத்தின் நடுவில் கூவம் கரையிலும் அடையாற்றின் கரையிலும் வாழ்ந்த குடும்பங்களைப் பல ஆட்சிகள் மாறி மாறித் தொலைவில் உள்ள கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் குடியமர்த்தின. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறியது. பெரும்பாக்கம் இருக்கும் இடம் மாறவில்லை. அங்கிருந்து மந்தைவெளிக்கு வீட்டுவேலைக்கு வரும் பெண்ணுக்கு டிக்கெட் காசு மிச்சம். போக வர ஆகும் நேரத்தில் இன்னொரு வீட்டில் வேலை செய்திருக்கலாம் என்ற இழப்பு எந்த ஜினியிலும் ஏறாது.

பணமாகக் கொடுக்கும் திட்டங்களுக்குப் பட்டியல் வேண்டும், பட்டியலுக்குக் காலம் வேண்டும். மகளிர் உரிமைத் தொகை 2021 தேர்தல் வாக்குறுதி. பணம் போய்ச் சேர்ந்தது 28 மாதம் கழித்து. நிலத்துக்கு வரம்பு, மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் இருக்கக் கூடாது என்று நிபந்தனைகள் வகுத்து, முகாம்கள் நடத்தி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அத்தனை பேருக்கு மாதம் 1,000 என்றால் ஆண்டுக்கு 12,000 கோடி ரூபாய்க்கு மேல். பட்டியல் போடும் எந்தத் திட்டத்திலும் இரண்டு வகைப் பிழை நேரும்: கிடைக்க வேண்டியவருக்குக் கிடைக்காமல் போவது, கிடைக்கக் கூடாதவருக்குக் கிடைப்பது. ஒன்றை இறுக்கினால் மற்றது தளரும். 1997-இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தபோது தமிழ்நாடு அந்த வழியில் போகாமல் எல்லாருக்குமான ரேஷனை வைத்துக்கொண்டதற்கு முதல் வகைப் பிழையின் மீதிருந்த அச்சமும் ஒரு காரணம்.

100 யூனிட் இலவச மின்சாரத்தில் சென்னைக்கே உரிய ஒரு விசித்திரம் இருக்கிறது. இணைப்புக்குத்தான் சலுகை, ஆளுக்கு அல்ல. மூன்று இணைப்பு வைத்திருந்த பங்களாவுக்கு 300 யூனிட் இலவசமாகக் கிடைத்தது. வாடகை வீட்டிலோ பல இடங்களில் வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே 8 ரூபாய், 10 ரூபாய் என்று வசூலிக்கிறார். ஏழைக்கென்று போன மானியம் வழியில் வீட்டுக்காரர் பையில் இறங்கிவிடுகிறது. ஒரு உத்தரவு யாருக்காகப் போடப்பட்டது என்பதும் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

விலைக் குறைப்புகளும் இப்படித்தான். 2021 ஆகஸ்ட் 13 திருத்திய நிதிநிலை அறிக்கையில் பெட்ரோல் மீதான மாநில வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டது. அரசுக்கு ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்றார் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன். நம் தெருவில் ஆட்டோ ஓட்டுநர் ஒரு நாளைக்கு 5 லிட்டர் போடுகிறார் என்றால் மாதம் 25 நாளுக்கு 375 ரூபாய் மிச்சம். இரண்டு கார் வைத்திருக்கும் ஐந்தாவது வீடு மாதம் 100 லிட்டர் போட்டால் 300 ரூபாய். முதல் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு பைசாவும் இல்லை. பயிர்க்கடன் தள்ளுபடியும் நிலமும் கூட்டுறவுக் கணக்கும் உள்ளவரைத்தான் தொடுகிறது. கூலிக்கு நடவு நடும் பெண்ணைத் தொடுவதில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது

இனி அந்த ஆறாம் மாதம். 2011 மே 16 அன்று ஆட்சிக்கு வந்து இலவச அரிசி கொடுத்த அரசு, நவம்பர் 17 அன்று, அதாவது சரியாக ஆறு மாதம் முடிந்த மறுநாள், பஸ் கட்டணத்தையும் பால் விலையையும் உயர்த்தியது. ஆவின் பால் லிட்டர் 17.75 ரூபாயிலிருந்து 24 ரூபாய். சென்னையில் குறைந்தபட்ச பஸ் கட்டணம் 2 ரூபாயிலிருந்து 3 ரூபாய். அடுத்த ஏப்ரலில் மின்கட்டணமும் ஏறியது. முந்தைய ஆட்சி வைத்துவிட்டுப் போன கடன்தான் காரணம் என்றார் முதலமைச்சர். காரணத்தில் உண்மை இருக்கலாம். நாளைக்கு ஒரு லிட்டர் பால் வாங்கும் வீட்டுக்கு மாதம் 187 ரூபாய் கூடியது என்பதும் உண்மை. 10,000 சம்பாதிக்கும் வீட்டிலும் 187, ஒன்றேகால் லட்சம் சம்பாதிக்கும் வீட்டிலும் 187. எல்லாரிடமும் ஒரே தொகையை எடுப்பது பார்வைக்குச் சமம், சுமையில் சமமில்லை.

மாநில அரசு ஏன் பாலிலும் பஸ்ஸிலும் கை வைக்கிறது? பணக்காரரிடம் நேராக வாங்கலாமே? முடியாது. வருமான வரி மத்திய அரசின் அதிகாரம். செல்வ வரியை மத்திய அரசு 2015-இல் கைவிட்டது. வாரிசுகளுக்குப் போகும் சொத்தின் மீதான எஸ்டேட் வரியை 1985-லேயே ஒழித்துவிட்டது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்த பிறகு பெரும்பாலான பொருள்களின் வரி விகிதத்தைத் தனியாக மாற்றும் உரிமையும் மாநிலத்துக்கு இல்லை. கையில் மிஞ்சியிருப்பவற்றில் பெரியவை பெட்ரோல், டீசல், மது, பத்திரப் பதிவு, வாகன வரி.

இவற்றில் மதுதான் ஏற்றத்தாழ்வுக் கதையில் இருண்ட பக்கம். 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. 2023-24-இல் அதன் வழியாக அரசுக்கு வந்த வரி வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். மகளிர் உரிமைத் தொகைக்கு ஆகும் ஆண்டுச் செலவைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இது. கட்டடத் தொழிலாளி மாலையில் கொடுக்கும் வரி, மாதம் பிறந்ததும் அவர் மனைவியின் வங்கிக் கணக்கில் ஒரு பகுதியாகத் திரும்பி வருகிறது என்று சொன்னால் நலத்திட்டத்தை இழிவுபடுத்துவதாகச் சிலர் கோபிக்கிறார்கள். நான் இழிவுபடுத்தவில்லை, அந்தப் பணம் அவள் கைக்கு வருவது நல்லதே. ஆனால் மேல்வீட்டிலிருந்து கீழ்வீட்டுக்கு வந்த பணமாக அதை முழுவதும் எண்ணிவிடக் கூடாது. ஒரே வீட்டுக்குள் கைமாறிய பகுதியும் அதில் உண்டு. கர்நாடகமும் இந்தப் பாதையில்தான் போனது: 2023 ஜூலை நிதிநிலை அறிக்கையில் மதுவரி உயர்வு, 2025 ஜனவரியில் பஸ் கட்டணம் 15 சதவீதம் உயர்வு. பெண்களுக்கு இலவசம் தொடர்ந்தது. கூடுதல் கட்டணம் ஆண்களின் பையிலிருந்து.

எடுப்பதிலும் வகை உண்டு என்பதற்கு 2022 ஏப்ரல் சொத்துவரி உயர்வைப் பார்க்கலாம். பழைய சென்னை மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடி வரையான வீடுகளுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 சதவீதம். 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த பகுதிகளில் சிறிய வீடுகளுக்கு 25 சதவீதம்தான். பெரிய வீட்டுக்குப் பெரிய உயர்வு: பால் விலை போல எல்லார் தலையிலும் ஒரே சுமையை ஏற்றவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 10 முதல் மின்கட்டணம் உயர்ந்தபோதும் முதல் 100 யூனிட் இலவசம் தொடர்ந்தது. ஆனால் கூடிய சொத்துவரியை வீட்டுக்காரர் அடுத்த ஒப்பந்தத்தில் வாடகையோடு சேர்த்தாரா என்பது எந்த அரசாணையிலும் இல்லை.

இதற்கெல்லாம் முன்னுரையாக, மாநிலத்தின் நிதிநிலையை விளக்கிப் புதிய அரசுகள் வெளியிடுவதுதான் வெள்ளை அறிக்கை. 2021 ஆகஸ்ட் 9 அன்று வெளியான அறிக்கை மாநிலத்தின் கடனை 5.70 லட்சம் கோடி என்றும் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்றும் சொன்னது. அந்தக் கடைசி எண் தலைப்புச் செய்திக்கானது. போயஸ் தோட்டத்துக் குடும்பமும் பெரும்பாக்கத்துக் குடும்பமும் அதைச் சம பங்காகக் கட்டப்போவதில்லை. எந்த வரி ஏறுகிறது, எந்தச் செலவு குறைகிறது என்பதைப் பொறுத்துத்தான் பங்கு அமையும். அறிக்கையின் மற்ற பக்கங்களைப் பொறுமையாகப் படிப்பவர்களுக்கு, அடுத்த ஆண்டில் எங்கே கை வைக்கப்போகிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். இப்படி ஒரு முழு ஆட்சியின் நிதிநிலையை முதல் மாதங்களிலேயே தோலுரித்துக் காட்டுவது நல்ல வழக்கம் என்றே எனக்குப் படுகிறது, அரசியல் நோக்கம் எதுவாக இருந்தாலும்.

எவ்வளவு காலம் பொறுப்பது

1967-இல் "மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று சொல்லி வென்ற அண்ணாதுரையின் அரசு, ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. நிதி இடம் கொடுக்காததால் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்க முடியவில்லை. நூறாம் நாளில் எடைபோட்டிருந்தால் தோல்வி என்று எழுதியிருப்பார்கள். ஆனால் மலிவு அரிசி என்ற எண்ணம் அங்கிருந்து நகர்ந்து, 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய், 2011-இல் இலவசம் என்று வந்து நின்றது. 1977-இல் முதலமைச்சரான எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது 1982 ஜூலை 1 அன்று. அதைச் சாப்பிட்டுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் வளர்ந்து சம்பாதித்ததன் விளைவு வருமானக் கணக்கில் தெரிய இன்னும் இருபது ஆண்டு. பிரேசிலில் லூலா அரசு 2003-இல் ஏழைக் குடும்பங்களுக்கான பண உதவியைத் தொடங்கியது. அந்நாட்டின் வருமான ஜினி 0.58-ஐ ஒட்டிய அளவிலிருந்து 0.52-ஐ ஒட்டிய அளவுக்கு இறங்கப் பத்தாண்டு பிடித்தது. அந்த இறக்கத்திலும் பண உதவிக்கு ஒரு பங்குதான். குறைந்தபட்சக் கூலி உயர்ந்ததும் வேலைவாய்ப்பு பெருகியதும் மற்ற காரணங்கள்.

ஆகவே முதல் சில மாதங்களில் தெரிவது விளைவு அல்ல, சாய்வு. அந்தச் சாய்வு ஏன் எப்போதும் கொடுக்கும் பக்கமே வெளிச்சமாகவும் எடுக்கும் பக்கம் மங்கலாகவும் இருக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றில் ஒரு பதில் உண்டு. 2001-இல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அரசு கஜானா காலி என்று வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அந்த ஆட்சியில் பஸ் கட்டணம் ஏறியது. மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களின் ரேஷன் அட்டையில் "ஹெச்" முத்திரை குத்தி அரிசி நிறுத்தப்பட்டது. ஏட்டளவில் பார்த்தால் அது ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் நடவடிக்கைதான்: இருப்பவருக்கு நிறுத்தி, இல்லாதவருக்குக் கொடுப்பது. 5,000 ரூபாயில் சென்னையில் வாடகை கொடுத்துக் குடும்பம் நடத்தியவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. 2004 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் 39 தொகுதிகளிலும் அ.தி.மு.க. கூட்டணி தோற்றது. முடிவு வந்த சில நாளிலேயே ஹெச் முத்திரை திரும்பப் பெறப்பட்டது. அடுத்து வந்த ஆட்சிகள் அரிசியின் விலையைக் குறைத்துக்கொண்டே போயின. அரிசி அட்டைக்கு அப்படியொரு வருமான வரம்பை எந்த ஆட்சியும் மறுபடி கொண்டுவரவில்லை.